புளி போட்டுத் தேய்த்த விதவைக் காசு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் காலையில் பசியாற உட்காரும்போதே கைப்பேசியில் உங்கள் படங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. கறுப்பாக ஒரு வட்டம், பக்கத்தில் அளவு காட்ட ஓர் ஐந்து காசு, கீழே "அக்கா, இது ஒரிஜினலா?" என்று ஒரு கேள்வி. வணக்கம்கூடக் கிடையாது. நான் கடையை மூடியாகிவிட்டது, கண்ணில் புரையும் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை, பழக்கம் அப்படி. பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஒரே பதில்தான் எழுதுகிறேன்: படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். இதில் சிலருக்கு என்மேல் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். கிழவி ரொம்பத்தான் பிகு பண்ணுகிறாள் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். கிழவி என்றது சரி. பிகு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஈப்போ பழைய டவுனில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் தபால்தலை, நாணயக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே வரிசையில் சொந்தமாகச் சின்னக் கடை போட்டவள். பெயர்ப்பலகையில் சரோஜா, ஊருக்கெல்லாம் சரோக்கா. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு முதல் கிளந்தான் தங்கக் காசு வரை என் மேசைக்கு வராதது குறைவு. ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தவை பைபிள் காலத்துக் காசுகள்தான். புனித பூமிக்கு யாத்திரை போகிறவர்கள் எங்கள் பேராக் மாநிலத்தில் நிறையப் பேர். போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பிலாத்து காசு, ஏரோது காசு, சீசர் தலை போட்ட வெள்ளிக் காசு என்று ஏதாவது ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதில் பலதும் போன வருஷம் வார்த்ததாக இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு வைத்துக்கொண்டு நான் அவற்றை உருப்பெருக்கியில் பார்ப்பதைக் கண்டு பாஸ்டர்மார்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். பைபிளை நான் காசு வழியாகத்தான் படித்தேன், அவர்களில் சிலரைவிட நன்றாகவே படித்தேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. காசு அசல் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். பாகான் செராயில் லாரி வைத்துத் தொழில் செய்யும் ஒரு கிறிஸ்தவ நண்பர், பைபிளில் வரும் தீரு பட்டணத்து வெள்ளிக் காசு ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் அந்த ஊர்த் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. அருமையான காசு, சந்தேகமே இல்லாத அசல். சொன்னேன், வாயெல்லாம் பல்லாகப் போனார். மறுநாள் நான் கடை திறக்க வரும்போது வாசலில் நிற்கிறார்.

"அக்கா, இயேசுவக் காட்டிக் குடுக்க யூதாஸ் வாங்குன முப்பது வெள்ளியும் இந்த மாதிரிக் காசுதானாமே? எங்கூட்டுக்காரி எங்கயோ கேட்டுட்டு வந்துட்டா. வீட்டுக்குள்ள விட மாட்டேங்கிறா. காசு இன்னும் காடியில, சீட்டுக்கடியிலதான் கெடக்கு."

வீட்டுக்காரியை அழைத்து வரச் சொன்னேன். வந்தார். அவரிடம், "அம்மா, எருசலேம் கோயில் வரியும் இதே காசுலதான் கட்டுனாங்க. இயேசு சொல்லி பேதுரு மீன் வாயிலேருந்து எடுத்த காசும் இந்த ஜாதியாதான் இருக்கணும்னு படிச்சவங்க சொல்றாங்க" என்றேன்.

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்து, "இத மொதல்லயே மீன் காசுன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றார். காசு வீட்டுக்குள் போனது. இப்போது கண்ணாடிச் சட்டத்தில், அவர்கள் வளர்க்கும் மீன் தொட்டிக்கு மேலே தொங்குகிறது. வாங்குகிறவருக்குக் காசின் முழுக் கதையையும் சொல்லி அனுப்புங்கள். பாதிக் கதை வீட்டுக்குப் போனால் மீதிக் கதையை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

சரி, இப்போது படம் விஷயத்துக்கு வருகிறேன்.

தஞ்சோங் ரம்புத்தான் போகும் வழியில் முன்பு ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. தோட்டத்தை விற்று, மரங்களை வெட்டி, இப்போது அங்கே தாமான் குடியிருப்பு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. லயத்தில் இருந்தவர்களில் பலரும் அந்தத் தாமானிலேயே வீடு வாங்கிக்கொண்டார்கள். அவர்களோடு தோட்டத்து அந்தோணியார் கோயிலும் புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. பழைய கோயிலிலிருந்து கொண்டுவந்த பொருள்களில் முக்கியமானது ஒரு மரச்சிலுவை. அதன் அடிப்பாகத்தில் ஒரு சிறு குழி. குழிக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செப்புக் காசு.

அது விதவைக் காசு. ஏழை விதவை ஒருத்தி காணிக்கைப் பெட்டியில் இரண்டு சின்னக் காசு போட்டாள், பணக்காரர்கள் போட்டதையெல்லாம்விட அதுவே பெரிது என்று இயேசு சொன்னார் அல்லவா, அந்தக் கதையில் வரும் காசு இந்த வகை என்பது சம்பிரதாயம். தோட்டத்து ஆட்கள் பால் டின்னில் சில்லறை சேர்த்துக் கோயில் கட்டிய காலத்தில், எருசலேமுக்குப் போய் வந்த ஒரு சாமியார் அதைக் கொடுத்தாராம். உங்கள் காணிக்கையும் அவள் காணிக்கை மாதிரிதான் என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அதைச் சிலுவையில் பதித்த விதம்தான் இந்தக் கதைக்கு உயிர். அவர்கள் ஆணி அடிக்கவில்லை, கோந்து தேடவில்லை. குழிக்குள் ரப்பர் பாலை ஊற்றி, தோட்டத்து ரப்பர் ஸ்டோரிலிருந்து இரண்டு சொட்டு ஆசிட் விட்டு, பால் உறைகிற நேரத்தில் காசை அதன்மேல் வைத்து அமுக்கிவிட்டார்கள். கையில் இருந்த பொருள் அதுதானே. அன்றிலிருந்து அந்தோணியார் திருவிழாவுக்குத் திருவிழா ஜனங்கள் வரிசையில் வந்து அந்தக் காசைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றி முத்துவார்கள்.

கோயிலின் சாவி ஞானம்மா அக்காவிடம் இருந்தது. புருஷன் இறந்துபோனதிலிருந்து கோயிலே கதி என்று இருப்பவர். கூட்டுவது, பூ வைப்பது, பீடத்துத் துணி துவைப்பது எல்லாம் அவர்தான். அந்த வருஷத் திருவிழாவுக்கு பிஷப் வருகிறார் என்று பேச்சு. அதற்கு இரண்டு ஞாயிறு முன்னால் ஜனங்கள் பூசைக்கு வந்து பார்க்கிறார்கள், சிலுவையில் இருந்த கறுத்த காசைக் காணோம். அதே குழியில் சிவப்பு வெல்வெட்டின் மேல் பளபளவென்று வேறு ஒரு காசு. பழைய காசில் குச்சி குச்சியாக ஏதோ சிலுவை மாதிரி தெரியும். இதில் நட்சத்திரம் தெரிகிறது.

யாரோ படம் எடுத்துக் கோலாலம்பூரில் ஒரு வியாபாரிக்கு அனுப்பினார்கள். அவர் பதில் அனுப்பினார்: இரண்டாயிரம் வருஷத்துக் காசு இப்படிப் பளபளக்காது, இது டூப்ளிகேட். போதாதா? ஞானம்மா அக்காவின் மகன் அந்த மாதம்தான் வேன் வாங்கியிருந்தான். அதையும் இதையும் முடிச்சுப் போட்டார்கள். பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, கோயில் வாசலில் வைத்து, கமிட்டித் தலைவர் சேவியர் அண்ணன் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

இது நடந்து சில நாளில் அந்தக் கோயில் ஃபாதர் எனக்குப் போன் செய்தார். "சரோக்கா, நீங்க ஒரு வாட்டி நேர்ல வந்து பாக்கணும்லா. இல்லாட்டி போலீஸ்ல போயி நிக்கும் போல இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் போகிறேன் என்றதும் என் பக்கத்துக் கடைக்காரர், "போங்க, உங்களுக்கு பெட் ரெடியா வெச்சிருப்பாங்க" என்று சிரித்தார். அங்கே இருக்கும் பெரிய மனநல மருத்துவமனையை வைத்து ஈப்போக்காரர்கள் சலிக்காமல் சொல்லும் ஜோக் அது. அன்று கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது. அவ்வளவு கூச்சல். கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் ஞானம்மா அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன.

சேவியர் அண்ணனைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பழைய கோயிலை இடித்த அன்று அந்தச் சிலுவையைத் தன் தோளில் சுமந்துகொண்டு வந்தவர் அவர்தான். ஏமாந்துவிட்டோம் என்ற வேதனை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஒரே வார்த்தை சொல்லுங்கக்கா, போதும்" என்றார். "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? டூப்ளிகேட்னா நாளைக்கே ரிப்போர்ட் செஞ்சிடுவோம்."

மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்த சிலுவையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் பார்வைக்கு எனக்கும் அது சுற்றுலாக் கடைச் சாமான் மாதிரிதான் பட்டது. புதுச் செம்பின் நிறம், அடியில் வெல்வெட், நடுவில் நட்சத்திரம். ஒரு வார்த்தைதான் கேட்கிறார்கள். மண்டபம் முழுக்க என் வாயைப் பார்க்கிறது.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் சறுக்குவது. அவர்கள் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. இது பழங்காலத்துக் காசா என்பது ஒன்று. இது இத்தனை வருஷமாகச் சிலுவையில் இருந்த அதே காசா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னால் அதை இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். போலி என்றால் அந்தப் பெண் திருடி. அசல் என்றால், நல்ல காசை விற்றுவிட்டு மலிவாக வேறு ஒன்றை வாங்கி வைத்துவிட்டாள் என்பார்கள். எது சொன்னாலும் அவர் பேர் போய்விடும். காசின் விலை அங்கே யாருக்கும் முக்கியமில்லை, ஒருத்தியின் மானம்தான் மேசைமேல் இருந்தது. ஆகவே முதலில் இரண்டாவது கேள்வியை எடுத்தேன்.

"அந்தக்காகிட்ட என்ன செஞ்சீங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"கேட்டோமே. தேய்ச்சேன்னு சொல்லுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதான் கதை விடுதுன்னு தெரியுதே" என்றார் சேவியர் அண்ணன்.

நான் ஞானம்மா அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, எதப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"புளிதான். கொஞ்சம் உப்பும் போட்டேன். மெழுகுவத்தி ஸ்டாண்டுக்கெல்லாம் போட்டேன், மிச்சம் இருந்துச்சு."

பழங்காசைச் சுத்தம் செய்யாதே என்பது நம் தொழிலில் முதல் பாடம். அதன் மேலே படிந்த களிம்புதான் அதன் மானம், மதிப்பு எல்லாம். பற்பசை, எலுமிச்சை, கோலா என்று பல கொடுமைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் புளி நம் ஆட்களுக்கே உரியது. திருவிழா வந்தால் குத்துவிளக்கோ மெழுகுவத்தித் தண்டோ கறுத்துப்போய் நிற்பதை நம் வீட்டுப் பெண்களால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சாமிக்கு முன்னால் உள்ள செம்பு பித்தளை எல்லாம் மின்ன வேண்டும், இல்லாவிட்டால் அது தன் குறை. பிஷப் வேறு வருகிறார்.

"முன்ன வெளிய தெரிஞ்ச பக்கம் எது?"

"அந்தக் குச்சி குச்சியா இருக்குமே, அதுதான். நெம்பி எடுத்துத் தேய்ச்சா பின்பக்கம் நட்சத்திரம் இருக்கு. பெத்லகேம் நட்சத்திரம் போயி உள்ள குப்புறக் கெடக்கலாமா? இத்தன வருசமா யாருக்கும் தெரியாம கெடந்திருக்கே. அதான் திருப்பி வெச்சு ஒட்டிட்டேன்."

மண்டபத்தில் சலசலப்பு. சேவியர் அண்ணன் எழுந்தார். "இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?" என்றார் ஞானம்மா அக்கா. குரலை உயர்த்தவில்லை.

விதவைக் காசைத் தொட்டு முத்துகிறவர்கள் ஒரு விதவையை இப்படி உட்கார வைத்திருக்கிறீர்களே என்று எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நம்மைக் கூப்பிட்டது காசைப் பற்றிப் பேச. கோபத்தில் ஒரு வார்த்தை விட்டால் அதற்கப்புறம் நாம் சொல்லும் உண்மையும் பட்சபாதமாகப் போய்விடும்.

காசை வெளியே எடுக்க வேண்டும். கோந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. நகச்சாயம் துடைக்கும் திரவம் கிடைக்குமா என்று கேட்டேன். பாடல் குழுப் பெண்கள் பக்கமிருந்து தயங்கித் தயங்கி ஒரு பாட்டில் வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஃபாதர் அவற்றைப் பார்த்துவிட்டு, "பூசைக்குத்தானே வர்றீங்க?" என்றார். அன்று முதன்முதலாகக் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் அனுமதியோடு பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காசு மெல்லக் கழன்று வந்தது. திருப்பினேன். மங்கலாக, பல விரல்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்துபோன ஒரு நங்கூரம். அதைத்தான் ஜனங்கள் சிலுவை என்று நினைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா, "நம்ம காசுதான், நம்ம காசுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் சேவியர் அண்ணன் விடவில்லை.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நங்கூரம் போட்ட காசு அந்த ஒண்ணுதானா? நெறையா கெடைக்கும்னு அந்த கேஎல் வியாபாரி சொன்னாரே. இதே மாதிரி இன்னொண்ண வாங்கி வெச்சிருக்கலாம்ல?"

சரியான கேள்வி. நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவருக்கு மனசுக்குள் முழு மார்க் போட்டேன். ஆம், அந்த வகைக் காசு நிறையக் கிடைக்கும். ஆனால் அவை கையால் சுத்தியல் அடித்துச் செய்தவை, ஒன்று போல் இன்னொன்று இராது. இது பழைய காசேதானா என்று சொல்ல, பழைய காசின் உருவம் எங்காவது இருக்க வேண்டும். கோயில் படங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாப் படத்திலும் சிலுவை அடியில் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

அப்போதுதான் குழியைப் பார்த்தேன். வெல்வெட்டை விலக்கினால் வெறும் மரம்.

"அக்கா, இதுல இருந்த ரப்பர் எங்க?"

"பேத்து எடுத்துட்டேன். ஓரமெல்லாம் கறுத்து, பாக்கவே நல்லா இல்ல."

"குப்பையில போட்டுட்டீங்களா?"

அவ்வளவு நேரம் அடங்கி இருந்த மனுஷிக்கு அப்போது வந்தது கோபம். "மந்திரிச்ச பொருள யாராச்சும் குப்பையில போடுவாங்களா? என்ன கேள்வி கேக்குறீங்க? குருத்தோலை டின்னுல இருக்கு."

எனக்குப் புரியவில்லை. ஃபாதர்தான் விளக்கினார். குருத்தோலை ஞாயிறன்று ஜெபம் சொல்லி மந்திரித்துக் கொடுக்கும் ஓலைகளை அவர்கள் வீசுவதில்லை. காய்ந்ததும் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து ஒரு டின்னில் சேர்ப்பார்கள். அடுத்த வருஷம் அவற்றை எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாம்பல் புதன் அன்று நெற்றியில் பூசுவார்கள். மந்திரித்த பொருள் வேறு எது பழுதானாலும் ஞானம்மா அக்கா அதே டின்னில்தான் போட்டு வைப்பாராம். நெற்றியில் சாம்பல் பூசுகிற வேலையை நானும் தினம் செய்கிறவள். அந்தக் கணத்தில் அந்தக் கோயில் எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டது.

ஞானம்மா அக்கா எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "நீங்க போக வேணாம். நானும் தொட மாட்டேன். சேவியர் அண்ணே, நீங்களே ஃபாதரோட போயி எடுத்துட்டு வாங்க."

இதைக் கவனியுங்கள். சந்தேகம் யார்மேல் இருக்கிறதோ அவர் கையும், அவருக்குப் பரிந்து பேசுகிறவர் கையும் சாட்சிப் பொருளில் படக் கூடாது. சந்தேகப்படுகிறவர் கையாலேயே அது வர வேண்டும்.

அவர்கள் போய்த் திரும்பிய நேரம் கொஞ்சம்தான். எனக்கு அது நீண்டது. செம்பும் ரப்பரும் ஒத்துப்போகாது. தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியும், ஸ்டோரில் பாலுக்குப் பக்கத்தில் செப்புப் பாத்திரத்தை விடவே மாட்டார்கள், பால் கெட்டுவிடும். செம்பு பட்ட ரப்பர் முதலில் பிசுபிசுக்கும், இளகும், காலப்போக்கில் காய்ந்து இறுகிவிடும். இளகிய நேரத்தில் அச்சு அழிந்துபோயிருந்தால்? ஞானம்மா அக்கா கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பழைய பிஸ்கட் டின் வந்தது. சேவியர் அண்ணன் மூடியைத் திறந்து, காய்ந்த ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஓர் உடைந்த ஜெபமாலை வந்தது. அதற்கு அடியில் கரும்பழுப்பாக ஒரு வில்லை. அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். கெட்டியாக இறுகியிருந்தது. நடுப்பள்ளம் பச்சை பூத்திருந்தது. செப்புக் காசு வருஷக்கணக்கில் கிடந்த இடம் அப்படித்தான் இருக்கும். அந்தப் பச்சைக்குள், பள்ளமாக, ஒரு நட்சத்திரம்.

யார் கண்ணும் வெளியே பார்க்காத அந்த நட்சத்திரத்தை ரப்பர் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது.

"அண்ணே, காச நீங்களே வெச்சுப் பாருங்க" என்று நீட்டினேன்.

காசை நட்சத்திரம் கீழே இருக்கும்படி வைத்தார். உட்காரவில்லை. கொஞ்சம் திருப்பினார். உட்காரவில்லை. அந்தக் காசுகளுக்கு வெற்றுத் தகடுகளைத் தொடராக வார்த்து, அதன்மேல் உருவத்தை அடித்து, பிறகு வெட்டுவார்கள், அதனால் வட்டமாக இராது, இரண்டு பக்கமும் வெட்டிய வால் துருத்திக்கொண்டிருக்கும். அந்த வாலைப் பார்த்து வைக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் திருப்பினார். பழகிய செருப்பில் கால் நுழைகிற மாதிரி காசு அதில் இறங்கி உட்கார்ந்தது. வால் இருந்த இடத்தில் வால். ஓரத்தில் சின்னதாக ஒரு பிளவு, ரப்பரில் அதே இடத்தில் ஒரு பிசிர். காசை எடுத்து நட்சத்திரத்தைப் பார்த்தார். அடித்தவன் சுத்தியல் கோணலாக விழுந்ததில் அதில் இரண்டு கதிர் தகட்டுக்கு வெளியே போய்விட்டன. ரப்பரிலும் அதே இரண்டு கதிர் இல்லை.

உருப்பெருக்கியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். முடிவு அவர் வாயால்தான் வர வேண்டும். நான் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

"அதே காசுதான்" என்றார் சேவியர் அண்ணன். அப்புறம் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார். "நம்ம காசுதான். அக்கா ஒண்ணும் செய்யல."

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலிகள் ஒரு நிமிஷத்தில் நிறைந்துவிட்டன. பெரிய பெரிய சேகரிப்பாளர்களுக்கு நான் காசு பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அரிய காசைக் கண்டுபிடித்துப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அன்று வந்த சந்தோஷம் எதிலும் வந்ததில்லை. நானும் அழுதேன், அதில் வெட்கம் இல்லை.

அதற்குப் பிறகுதான் முதல் கேள்வியைத் தொட்டேன். அச்சில் வார்த்த போலிகளில் தெரியும் கோடு விளிம்பில் இல்லை. நட்சத்திரக் கதிர்களின் இடுக்கில், புளி எட்டாத ஆழத்தில், பழைய களிம்பு கறுப்பும் பச்சையுமாக ஒட்டியிருந்தது. அடித்த காசு, பழைய காசு, அசல். சொன்னேன். இதையும் சொன்னேன்: "தேய்ச்சதுல இதோட சந்தை மதிப்பு போயிடுச்சு. நீங்க விக்கவா போறீங்க?"

"அப்ப அந்த விதவை போட்ட காசே இதுதான்னு சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்டார். மண்டபமே ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்தது. வெற்றிக் களிப்பில் இருக்கும்போது நாக்கு நீளும், ஜாக்கிரதையாக இருங்கள்.

"அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்த ஊர்ல, ஏழைபாழைங்க கையில பொழங்குன காசு. அவ்ளோதான் நான் சொல்ல முடியும்."

"அது போதும்க்கா" என்றார் ஃபாதர்.

கோலாலம்பூர் வியாபாரி பிறகு எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். நல்ல கண் உள்ளவர்தான். அவருக்குக் கிடைத்தது ஒரு பக்கத்துப் படம். அதில் பின்பக்கம் இல்லை, எடை இல்லை, புளி இல்லை, ரப்பர் இல்லை, ஞானம்மா அக்கா இல்லை. இனிமேல் படத்தை அனுப்பிவிட்டு என்மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். காசு எங்கே கிடந்தது, யார் கையில் இருந்தது, அந்தக் கை அதை என்ன செய்தது என்று விசாரித்துவிட்டு, காசோடு நேரில் வாருங்கள். கோப்பியும் ரொட்டியும் என் செலவு, நான் பெலாஞ்சா.

சாவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றே மண்டபத்தில் சேவியர் அண்ணன் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினார். ஞானம்மா அக்கா கையை நீட்டவில்லை.

"எங்க வெச்சு வாங்குனீங்க?"

"கோயில் வாசல்ல."

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"எல்லாரும்."

"அப்ப அங்கயே குடுங்க. எல்லாரும் இருக்கும்போது குடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அதற்குள் காசு அந்தப் பழைய ரப்பரிலேயே சிலுவைக்குத் திரும்பியிருந்தது. அதில் அது ஒரு விதமாகத்தான் உட்காரும், ஆகவே நங்கூரம் வெளியே, நட்சத்திரம் உள்ளே. ஞானம்மா அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. "உள்ளயே இருக்கட்டும். இருக்குதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியுமே" என்றாராம்.

பிஷப் வந்து இறங்கினார். மாலை போட்டார்கள். கோயில் கதவு பூட்டியே இருந்தது. வாசலில் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சேவியர் அண்ணன் முன்னால் வந்தார். பிஷப்புக்கும் கேட்கும்படி, இந்த அக்காமேல் அநியாயமாகச் சந்தேகப்பட்டோம், இதே இடத்தில் அவமானப்படுத்தினோம், மன்னிச்சிடுங்கக்கா என்றார். சொல்லிவிட்டுப் பித்தளைச் சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

ஞானம்மா அக்கா வாங்கிக்கொண்டார். புதுச் சேலையின் முந்தானையால் அதை ஒரு துடைப்புத் துடைத்து, தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"உங்ககிட்ட கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. எப்படிக் கறுத்துப் போச்சு பாருங்க" என்றார். "புளி போட்டுத் தேய்க்கணும்."

முதலில் சிரித்தவர் பிஷப்தான். அந்தச் சிரிப்பு வாசல் முழுக்கப் பரவி, சேவியர் அண்ணன் முகத்திலும் வந்து சேர்ந்தபோது, ஞானம்மா அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கோயில் கதவைத் திறந்தார்.